வரி கட்டுகிறவர் வீட்டுக்கு எதற்கு ரேஷன் அரிசி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை, மாதாமாதம் வருமான வரிப் பிடித்தம், வீட்டிலோ அரிசி அட்டை. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்கும் அதே கடையில் அதே இலவச அரிசி. இதைப் பார்த்து ஒரு நண்பர், "காவல், நீதிமன்றம், சாலை, எல்லைப் பாதுகாப்பு. அரசின் வேலை அத்தோடு முடிந்தது" என்கிறார். இன்னொருவர், "சோறு போடாத அரசு எதற்கு?" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "வாங்கக் கூச்சமாக இருக்கிறது, விடவும் மனமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி. அரசு எதுவரை கை நீட்டலாம், யாருக்கு நீட்டலாம், இவர் ஏழை இவர் ஏழையல்ல என்று தரம் பிரிக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்போது வட்ட வழங்கல் அலுவலராக இருந்தேன். நடுவில் அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் முதுகலை படித்தேன். பொருளியல் எனக்குப் பழக்கம், பாண்டித்தியம் கிடையாது. கடையின் எடைத் தராசுக்குப் பின்னால் நின்று பார்த்தவனின் பதில் இது. அங்கிருந்து பார்ப்பவனுக்கு நிதியமைச்சரின் மேசை தெரியாது. அந்தக் குறையைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

"சிறிய அரசு வேண்டும்", "பெரிய அரசு வேண்டும்" என்று உங்கள் நண்பர்கள் பிரிந்து நிற்கிறார்கள் அல்லவா, அந்தப் பிரிவினையை நான் அதிகம் நம்புவதில்லை. ராஜாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசியலில் அரசின் கையைக் கட்ட வேண்டும் என்று அவரைப் போல் விடாப்பிடியாக வாதாடியவர்கள் குறைவு. 1955ல் ஆவடி மாநாட்டில் காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற இலக்கை ஏற்றது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூட்டுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டில் ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினு மசானி போன்றவர்களோடு சேர்ந்து ஸ்வதந்திரா கட்சியைத் தொடங்கினார். எதற்கெடுத்தாலும் பெர்மிட், எதற்கெடுத்தாலும் லைசென்ஸ் என்ற ஆட்சிமுறையை அவர் கிண்டலடித்த விதம் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதே ராஜாஜிதான் 1937ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். அதனால் போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரியைப் போட்டவரும் அவரே. இந்தியாவிலேயே அப்படியொரு வரி அதுதான் முதல். விவசாயியின் குதிருக்குள் அரசு தலையை விடக்கூடாது, அவன் கள்ளுக் கலயத்துக்குள் விடலாம் என்பது அவருடைய நிலை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மறுபக்கத்திலும் இதே கதைதான். ஆலைகளை அரசே நடத்த வேண்டும் என்பவர், தான் எதைச் சாப்பிடுவது, யாரைக் கட்டிக்கொள்வது என்பதில் அரசு மூக்கை நுழைத்தால் கொதித்து எழுவார். உங்கள் முதல் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வங்கி திவாலானால் வைப்புத்தொகைக்கு அரசு பொறுப்பேற்க வேண்டாம் என்று அவர் சொல்கிறாரா?

அரசு விலகி நிற்க வேண்டும் என்ற கொள்கையை முழுமூச்சாகக் கடைப்பிடித்த காலம் ஒன்று நம் ஊரிலேயே இருந்திருக்கிறது. பழைய கிராமத்துப் பேச்சில் அதற்குத் தாது வருஷத்துப் பஞ்சம் என்று பெயர். 1876 முதல் 1878 வரை. மழை பொய்த்ததைப் பார்த்து, சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் தானியம் வாங்கிக் கையிருப்பு வைக்க முனைந்தார். வைசிராய் லிட்டனின் அரசு அவரைக் கண்டித்தது. அரசு தானியம் வாங்கினால் தனியார் வியாபாரம் கெடும், விலை ஏறினால் வியாபாரி தானாகத் தானியத்தைக் கொண்டுவருவான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வியாபாரி கொண்டுவரத்தான் செய்தான். ரயிலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வாங்குவதற்கு ஜனங்களிடம் காசு இல்லை. செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. இது உடம்பில் உயிர் தங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். 1877 நடுவில் கூலியை ஏற்றினார்கள். அதற்குள் லட்சக்கணக்கானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதே 1877 ஜனவரியில் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் தடபுடலாக நடந்தது. அரசு ஒன்றும் சிறியதாக இருக்கவில்லை. சோற்றுப் பக்கம் மட்டும் சிறியதாக இருந்தது.

இதைச் சொன்னதும் உங்கள் இரண்டாவது நண்பர் கைதட்டுவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 1942ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. போர்க்கால ரேஷன் வந்தது, கூடவே கட்டாயக் கொள்முதலும் வந்தது. இன்ன அளவு நெல்லை இன்ன விலைக்கு அரசுக்குக் கொடுத்தாக வேண்டும், மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றெல்லாம் விதிகள். நான் பணியில் சேர்ந்தபோது என் மேலதிகாரியாக இருந்த முதியவர், தன் தகப்பனார் பத்தாயத்துக்குப் பின்னால் இன்னொரு சுவர் எழுப்பி நெல்லை மறைத்த கதையைச் சொல்வார். "அதிகாரி வந்தால் அப்பா சிரித்துக்கொண்டே மோர் கொடுப்பார். போன பிறகு திட்டித் தீர்ப்பார்" என்பார். கட்டுப்பாடு ஒரு நாட்டையே பொய் சொல்லப் பழக்கியது என்ற வாதத்தை நான் அங்கிருந்துதான் கற்றேன், புத்தகத்திலிருந்து அல்ல.

இந்தக் கட்டுப்பாடுகளை நீக்க வேண்டும் என்று காந்தி 1947ல் வற்புறுத்தினார். அவருக்கு அரசின் அதிகாரம் பெருகுவதில் எப்போதுமே அச்சம் உண்டு. டிசம்பரில் நீக்கத் தொடங்கினார்கள். விலை எகிறியது, 1948லேயே கட்டுப்பாடு திரும்பி வந்தது. பிறகு 1952ல் ராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானதும், ஜூன் மாதத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை ஒரே போடாகத் தூக்கினார். ஊரே பயந்தது. ஆனால் இந்த முறை நிலைமை கைமீறிப் போகவில்லை. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் பக்கபலமாக நின்றார், வெளிநாட்டுக் கோதுமை வந்து கையிருப்பு பலமாக இருந்தது, மழையும் பின்னால் கைகொடுத்தது. ஒரே கொள்கை, ஐந்தே வருட இடைவெளி, இரண்டு விதமான முடிவு. கிடங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொள்கையை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல, இதை அறிந்ததிலிருந்து எனக்கு நாக்கு எழுவதில்லை.

அடுத்து வந்தது இன்னும் வேடிக்கை. 1967 தேர்தலில் தி.மு.க.வின் முழக்கம் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". அந்தக் கூட்டணியில் அண்ணாவுக்குப் பக்கத்தில் நின்றவர், ரேஷனைத் தூக்கிய அதே ராஜாஜி. ஸ்வதந்திரா கட்சிக்குச் சட்டமன்றத்தில் 20 இடங்கள் கிடைத்தன. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். கஜானா அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. அரசின் பங்கு பற்றி நேரெதிராகப் பேசிய இருவர், காங்கிரஸை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒன்றில் சேர்ந்தார்கள். அரசியலில் தத்துவம் எவ்வளவு, தேவை எவ்வளவு என்று என்னை யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். பின்பு நடந்தது நீங்கள் அறிந்ததே. 1972ல் நுகர்பொருள் வாணிபக் கழகம், 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம்.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். 1997ல் மத்திய அரசு ரேஷனை இரண்டாகப் பிரித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு விலை, மேலே இருப்பவருக்கு இன்னொரு விலை. ஏழைக்கு மட்டும் கொடுத்தால் செலவும் குறையும், ஏழைக்குக் கூடுதலாகவும் கிடைக்கும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தமிழ்நாடு மட்டும் கடையில் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. மத்திய ஒதுக்கீட்டில் விழுந்த துண்டை மாநிலமே தன் பணத்தில் ஈடுகட்டியது. அதிகாரிகள் மட்டத்தில் இதை வீண் பிடிவாதம் என்று பேசிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

என் மனம் மாறியது 2002ல். ஊரக வளர்ச்சித் திட்டங்களுக்காக வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களை நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். என்னையும் சில நாட்கள் அந்த வேலைக்கு அனுப்பினார்கள். படிவத்தில் 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நிலம் எவ்வளவு, வீடு எப்படி, கழிப்பறை உண்டா, கடன் யாரிடம் என்று போகும். மூன்றாவது கேள்வி உடுப்பு. ஆளுக்கு எத்தனை உருப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். இரண்டுக்குக் குறைவு என்றால் 0, பத்தோ அதற்கு மேலோ என்றால் 4. ஒரு கூரை வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டேன். அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கட்டியிருப்பதையும் சேர்த்தா ஐயா?" என்று கேட்டார். படிவத்தில் அதற்கு விளக்கம் இல்லை. கூட வந்த கிராம நிர்வாக அலுவலர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தீபாவளிக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த இரண்டு சேலையைச் சொல்லலாமா வேண்டாமா என்று அந்த அம்மா யோசித்தது எனக்குத் தெரிந்தது. சொன்னால் மதிப்பெண் கூடும், அதாவது ஏழ்மை குறையும். அதே தெருவின் கோடியில் டிராக்டர் நிற்கும் வீட்டில், தகப்பனார் பெயரில் நிலத்தை வைத்துக்கொண்டு, தனிக்குடித்தனம் என்று எழுதிக் கொடுத்த மூன்று மகன்களும் பரம ஏழைகளாகத் தேறினார்கள். தாள் மீது பார்த்தால் எல்லாம் விதிப்படியே நடந்திருந்தது.

ஏழையைத் தனியாகப் பிரித்தெடுக்கும்போது இரண்டு விதத் தவறு நடக்கும். தேவையில்லாதவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று. தேவையுள்ளவரை விட்டுவிடுவது இன்னொன்று. முதல் தவறு கணக்குப் புத்தகத்தில் ரூபாயாகத் தெரியும், தணிக்கையாளர் சிவப்பு மை போடுவார். இரண்டாவது தவறு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பட்டியலில் பெயர் இல்லாதவர் கடைக்கே வரமாட்டார் அல்லவா? உங்கள் இரு நண்பர்களும் அரசின் அளவைப் பற்றிச் சண்டை போடுவதாக நினைக்கிறார்கள். எந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளத் தயார் என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள் என்பது என் அனுமானம். வரி கட்டுகிறவருக்கு முதல் தவறு உறுத்தும். அட்டைக்காக அலைந்தவருக்கு இரண்டாவது உறுத்தும். இரண்டு உறுத்தலும் நேர்மையானவைதான்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது? ஜான் ட்ரேஸ், ரீத்திகா கேரா என்ற பொருளியலாளர்கள் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்துப் பார்த்ததில், ரேஷன் தானியத்தில் மக்கள் கைக்கு வராமல் கசிந்தது இந்திய அளவில் 2004-05ல் 54 சதவீதம், 2011-12ல் 42 சதவீதம். தமிழ்நாடு மிகக் குறைவாகக் கசிந்த மாநிலங்களில் ஒன்று. ஏழைகளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த மாநிலங்கள் பலவற்றில் பாதி தானியம் ஏழைக்கே போகவில்லை, எல்லாருக்கும் கொடுத்த மாநிலத்தில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது. இதுவரை கேள்விக்கு இடமில்லை. எல்லாருக்கும் கொடுத்ததால்தான் கசிவு குறைந்தது என்று அடுத்த படி ஏறும்போது நிதானம் வேண்டும். இங்கே தனியார் டீலர் கிடையாது, கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களுடையவை. பஸ் போகிற ஊருக்கெல்லாம் கடை இருக்கிறது. அரிசி வரவில்லை என்றால் வாக்கு போய்விடும் என்ற பயம் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் உண்டு. சத்தீஸ்கரைப் பாருங்கள். 2004 முதல் கடைகளைத் தனியார் டீலர்களிடமிருந்து எடுத்து ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்தது. பயனாளிகளின் எண்ணிக்கையைப் பெருக்கியது, ஆனாலும் எல்லாருக்கும் என்று போகவில்லை. அங்கும் கசிவு வெகுவாகக் குறைந்தது. எனவே, பல காரணங்களில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் வாதத்துக்குரியதுதான்.

எனக்குப் பட்ட ஒரு காரணத்தைச் சொல்கிறேன். இதற்குப் புள்ளிவிவரம் கிடையாது, கண்ணால் கண்டது மட்டும். ஒருமுறை என் வட்டத்துக்கு வந்த லோடில் அரிசி வாடை அடித்தது. காலையில் ஒரே லாரி இரண்டு கடைகளில் இறக்கிவிட்டுப் போனது. ஒன்று அரசு ஊழியர் குடியிருப்பை ஒட்டிய கடை, மற்றது கல்குவாரித் தொழிலாளர் குடியிருப்பில். பத்து மணிக்குள் முதல் கடையிலிருந்து எனக்கு நான்கு தொலைபேசி அழைப்புகள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒரு கைப்பிடி அரிசியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு நேரே ஆட்சியர் அலுவலகத்துக்கே போய்விட்டார். மதியத்துக்குள் மூட்டைகளை மாற்றினோம். குவாரிக் கடையிலிருந்து யாரும் பேசவில்லை. நானாகப் போய்ப் பார்த்தபோது பாதி விற்றிருந்தது. "கழுவிக் கழுவிப் போட்டால் வாடை போய்விடும்" என்று ஒரு பாட்டி எனக்கே ஆறுதல் சொன்னார். அந்த வரிசையில் ஒரு தலைமையாசிரியர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்களைப் போன்றவர்கள் வரிசையை விட்டு விலகினால் அரசுக்குப் பணம் மிச்சம் என்பது உண்மை. அந்தக் காகிதப் பொட்டலமும் உங்களோடு போய்விடும் என்பதும் உண்மை.

உங்கள் முதல் நண்பரின் தரப்பையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் நான் பார்த்தது உண்டு. இரண்டு கோடிக்கு மேல் அட்டைகள், உணவு மானியத்துக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒதுக்குவது 10,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்த அரிசியில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று குமரி எல்லையிலும் தேனி எல்லையிலும் இருக்கும் சோதனைச் சாவடிக்காரர்களைக் கேட்டால் தெரியும். பஸ் இருக்கைக்கு அடியில் சிறு சிறு பையாகப் போகும், மீன் லாரியில் ஐஸுக்குக் கீழே போகும், ஆலைக்குப் போய்ப் பாலிஷ் ஏறி வேறு பெயர் போட்ட பையில் திரும்பி நம் கடைத்தெருவுக்கே வரும். கோழிக்கும் மாட்டுக்கும் போடுவது ஊரறிந்த ரகசியம். வாங்காத அரிசிக்கு "வழங்கப்பட்டது" என்று கைபேசியில் குறுஞ்செய்தி வந்து புகார் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். தேவையில்லாதவர் கையில் அட்டை இருப்பதுதான் இந்தக் கடத்தலுக்கு ஊற்றுக்கண். அவர் வாங்காத அரிசியைத்தான் யாரோ அவர் கணக்கில் விற்கிறார்கள். கைரேகை வைக்கும் முறை வந்தபின் இது குறைந்திருக்கிறது. கூலி வேலை செய்து ரேகை தேய்ந்த கையோடு வரும் முதியவர்களை இயந்திரம் ஏற்க மறுப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

அரிசிக்குப் பதில் பணத்தைக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்ற யோசனையும் சந்தையை நம்புகிறவர்களிடமிருந்து வந்ததுதான். சந்தையை ஆதரித்த பொருளியலாளர் ஹயக் கூட யாரும் ஒரு அடிமட்டத்துக்குக் கீழே விழாதபடி அரசு பார்த்துக்கொள்வதை ஏற்றார். அதே அணியைச் சேர்ந்த பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன், வருமான வரியைத் திருப்பிப் போட்டாற்போல், அரசு வாங்குவதற்குப் பதில் ஏழைகளுக்குப் பணமாகவே கொடுக்கச் சொன்னார். எனவே, "வலதுசாரி என்றால் ஏழைக்கு எதுவும் கொடுக்காதே என்பவர்" என்று உங்கள் இரண்டாவது நண்பர் நினைத்தால் அது அறியாமை. அவர்கள் எதிர்ப்பது அரசு வியாபாரியாக மாறுவதை. பக்கத்தில் புதுச்சேரியில் இதைச் செய்து பார்த்தார்கள். 2015ல் மத்திய உணவுப் பாதுகாப்புத் திட்டத்தின் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். பணமா அரிசியா என்று துணைநிலை ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்தது. 2024 அக்டோபரில் ரேஷன் கடைகளை மறுபடி திறந்தார்கள். பணம் தோற்றது, அரிசி வென்றது என்று ஒரே வரியில் முடிக்க நான் தயங்குகிறேன். பக்கத்து ஊரான கடலூரிலும் விழுப்புரத்திலும் அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது ஒப்பீடு வரத்தானே செய்யும்? ஆனால் கடைத்தெருவில் விலை ஏறினால் பணத்தின் மதிப்பு இறங்கும், அரிசிக்கு அந்தக் கவலை இல்லை. வங்கியில் விழுந்த பணம் யார் சட்டைப் பைக்குப் போகும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். அரிசிப் பை அநேகமாக அடுப்படிக்குத்தான் போகும்.

அரசு வியாபாரியாவது பற்றிப் பேச்சு வந்ததால் டாஸ்மாக்கை விட்டுவிட்டுப் போக முடியாது. 1983ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய நிறுவனம், 2003 இறுதியில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்தன. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருமானம். அரசியல் சட்டத்தின் 47வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மக்களின் சத்துணவு நிலையை உயர்த்துவது அரசின் கடமை என்று முதலில் சொல்லும். அடுத்த மூச்சிலேயே, போதை தரும் பானங்களை விலக்க முயல வேண்டும் என்று சொல்லும். ஒரே பிரிவின் முதல் பாதியை ஒரு கடையில் நிறைவேற்றி, அதற்கான பணத்தைப் பின்பாதிக்கு எதிரான இன்னொரு கடையில் ஈட்டுகிறோம். குவாரிக் குடியிருப்பில் இரண்டு கடைக்கும் நடந்து போகும் தூரம்தான். இதைப் பற்றி இடது, வலது என்று வாய்கிழியப் பேசுகிறவர்கள் ஆட்சிக்கு வரும்போது மௌனமாகிவிடுவதைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். நீங்கள் என் சொந்தக் கருத்தைக் கேட்டால்: அரிசி விற்கும் தொழிலில் அரசு இருக்கட்டும், சாராயம் விற்கும் தொழிலில் இருக்க வேண்டாம். ராஜாஜி இதில் பாதிக்கு ஒத்துக்கொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் கே.டி. ஷா, அரசியல் சட்டத்திலேயே "சோஷலிச" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. சமூகம் எப்படி அமைய வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து மக்களே தீர்மானிக்கட்டும், அதைச் சட்டத்தில் எழுதிக் கையைக் கட்டிவிடுவது ஜனநாயகத்தையே அழிப்பதாகும் என்பது அவர் வாதம். அதே சமயம் நெறிமுறைக் கோட்பாடுகள் என்ற பகுதியில் அப்படிப்பட்ட கடமைகள் ஏற்கெனவே இருப்பதையும் சுட்டிக்காட்டினார். அந்தக் கோட்பாடுகளை வைத்து நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. 1976ல் நெருக்கடி நிலையின்போது 42வது திருத்தம் முகவுரையில் அந்தச் சொல்லைச் சேர்த்தது வேறு கதை. தமிழ்நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் கொடுத்ததை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவை நெறிமுறைக் கோட்பாடுகளுக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. ஆக, அரசு இதைக் கொடுக்கலாமா என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் "கொடுக்கலாம்" என்று இருக்கும். "கொடுக்க வேண்டுமா?" என்பதை நீங்களும் நானும் வாக்குச்சாவடியில்தான் சொல்லியாக வேண்டும். மிக்சி விஷயத்தில் தீர்ப்பை மதிக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

உங்கள் அட்டைக்கு வருகிறேன். அதில் என்.பி.எச்.எச். என்று அச்சிட்டிருந்தால், 2016 நவம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் முன்னுரிமையற்ற குடும்பம். கடையில் பாகுபாடு கிடையாது, ஆனால் காகிதத்தில் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கூச்சம் மிகுந்தால் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ளலாம், அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை கிடைக்கும். எதுவுமே வேண்டாம் என்றால் பொருளில்லா அட்டை இருக்கிறது, முகவரிச் சான்றுக்கு உதவும். ஒரு எச்சரிக்கை மட்டும். 2020 டிசம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பொங்கலுக்கு அரிசி அட்டைக்கு 2,500 ரூபாய் வரப்போகிறது என்றதும், தாமாக அரிசியை விட்டுக்கொடுத்த கண்ணியவான்கள் பலர் மனுவோடு வந்து நின்றார்கள். அதில் இருவர் எனக்கு நன்கு தெரிந்தவர்கள். நான் ஓய்வுபெற்றவன் என்றாலும் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

என் அட்டை இன்றும் அரிசி அட்டைதான், ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே அதையும் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறேன், இட்லிக்கு ஆகும். என் முறை வந்ததும் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பேன். விற்பனையாளரான அந்தப் பெண், "இன்னும் உங்கள் ஆய்வு முடியவில்லையா சார்?" என்று சிரிப்பார். இந்த மாதம் அரிசி நன்றாகவே இருந்தது. துவரம்பருப்புதான் இன்னும் வரவில்லை.